வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில்: ஓப்பநாயக்கவில் ஒரு சிறுநீரக நோயாளியின் நான்கு நாட்கள்

மாமாவுக்கு அந்தச் செவ்விளநீரை வாங்கிக் கொடுத்தது நான்தான். வவுனியாவிலிருந்து பஸ் மாறி மாறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓப்பநாயக்கவில் இறங்கினேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வீதியோரக் கடையில் ஆறு செவ்விளநீர் வாங்கிக்கொண்டேன். சீனி வருத்தக்காரருக்கு இனிப்பு வாங்கக்கூடாது என்பது தெரியும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளநீர் வாங்கக்கூடாது என்பது தெரியாது. ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்திருந்தும், பத்து வருடமாகச் செய்தி எழுதியிருந்தும் தெரியாது.

மாமா அன்றிரவு ஒன்று குடித்தார், மறுநாள் காலை ஒன்று. "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று அத்தையும் சொன்னார். திங்கள் மத்தியானம் கட்டிலில் இருந்து எழும்பப் பார்த்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "கால் ரெண்டும் நம்ம கால் மாதிரி இல்ல புள்ள" என்றார். நெஞ்சு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. நாளைக்குத்தானே செவ்வாய், மெஷினில் போட்டால் சரியாகிவிடும் என்று அத்தை நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் முச்சக்கர வண்டி வைத்திருந்ததால் மட்டும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போனோம்.

எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். வெளிநோயாளர் வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். "கால் சோர்வு" என்பதைத்தான் அத்தையால் சிங்களத்தில் சொல்ல முடிந்தது. டயலிசிஸ் நோயாளி என்பது கிளினிக் கொப்பியை ஒரு தாதி புரட்டிப் பார்த்த பிறகே தெரிந்தது. அதன்பின் எல்லாம் ஓட்டமாக நடந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். பொட்டாசியம் 7.1 என்றார் வைத்தியர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மாமா பிழைத்துவிட்டார். ஆனால் அந்த 7.1 என்ற எண் என்னை விடவில்லை. மருத்துவமனைகளில் எத்தனை டயலிசிஸ் இயந்திரம் இருக்கிறது, எத்தனை பழுது, எத்தனை நன்கொடை என்பது பற்றி நாங்கள் செய்தியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறோம். நோயாளி இயந்திரத்தில் இல்லாத நாட்களைப் பற்றி எழுதியதில்லை. டயலிசிஸ் நோயாளி வாரத்தில் எட்டு மணித்தியாலம் இயந்திரத்தோடு இருக்கிறார். மிச்சம் நூற்று அறுபது மணித்தியாலம் வீட்டில் இருக்கிறார். பலரைக் கொல்வது அந்த நூற்று அறுபதில் நடப்பதுதான்.

இரத்தத்தில் ஒரு சின்னக் கணக்கு

உடலில் உள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு கலங்களுக்குள் இருக்கிறது. வெளியே, இரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் ஒரு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும். தசை சுருங்குவதும் இதயம் துடிப்பதும், கலத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் இந்த வித்தியாசத்தில் பிறக்கிற மின்சாரத்தால்தான். வெளியே அளவு ஏற ஏற அந்த வித்தியாசம் குறைகிறது. ஆறைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது, ஏழில் இதயத் துடிப்பு எப்போதும் குழம்பலாம். கொடுமை என்னவென்றால் பலருக்கு இதற்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. கால் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு, நாடி மெதுவாதல் என்று சிலருக்குத்தான் உடல் முன்கூட்டிச் சொல்லும். மாமாவுக்குச் சொன்னது.

சோடியம், பொட்டாசியம், கல்சியம், பைகார்பனேட் போன்றவற்றைச் சேர்த்து மின்பகுபொருட்கள் என்கிறார்கள். நல்ல சிறுநீரகம் இவற்றை ஒவ்வொரு நிமிடமும் அளந்து, கூடியதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. நாம் சாப்பிடும் பருப்பு, மீன், இறைச்சி எல்லாம் எரிந்து முடியும்போது அமிலம் மிஞ்சுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அறுபது மில்லிமோல் அளவு. அதைச் சிறுநீரோடு அனுப்பிவிட்டு, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைப் புதிதாக உண்டாக்கி இரத்தத்துக்குத் திருப்பிக் கொடுப்பதும் சிறுநீரகம்தான். இரத்தத்தின் பீ.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்பது இதனால்தான்.

சிறுநீரகம் நின்றால் அமிலமும் பொட்டாசியமும் ஒன்றாகவே ஏறும். பைகார்பனேட் அமிலத்தோடு மோதி மோதித் தீர்ந்துபோகும். அமிலம் கூடினால் தசை கரையும், எலும்பு தன் கல்சியத்தைக் கொடுத்து அமிலத்தை முறிக்கப் பார்த்துத் தானும் மெலியும். மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கும். அமில நிலை கலங்களுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளவும் செய்யலாம். மாமா கடந்த இரண்டு வருடத்தில் ஆள் பாதியாகிப் போனதற்கு "சாப்பாடு செல்லுதில்ல" என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் காரணமாகச் சொன்னார்கள். அமிலம் தசையைத் தின்றுகொண்டிருந்திருக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

டயலிசிஸ் இயந்திரம் செய்வது என்ன? மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நோயாளியின் இரத்தம் ஓடுகிறது. மறுபக்கம் சுத்திகரித்த நீரில் உப்புகள் கலந்த திரவம் ஓடுகிறது. அந்தத் திரவத்தில் பொட்டாசியம் குறைவாக, பெரும்பாலும் 2 மில்லிமோல் அளவில் இருக்கும். பைகார்பனேட் இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் இரத்தத்தில் கூடியிருக்கும் பொட்டாசியம் அந்தப் பக்கம் போகிறது, குறைந்திருக்கும் பைகார்பனேட் இந்தப் பக்கம் வருகிறது. நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் நான்கு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர் திரவம் ஓட வேண்டும். அதுவும் சாதாரணக் குழாய்த் தண்ணீர் அல்ல, விசேடமாக வடித்த நீர். மின்சாரமும் தண்ணீரும் இல்லாத இடத்தில் டயலிசிஸ் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு பதின்மூன்று மணித்தியால மின்வெட்டில் கிடந்ததையும் அதன்பின் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றதையும் நினைத்துப் பாருங்கள்.

ஒரு தடவை இயந்திரத்தில் போட்டால் சுமார் மூன்று கிராம் பொட்டாசியம் வெளியேறும். சிறுநீரக நோயாளி நாளொன்றுக்கு இரண்டு கிராமுக்குள் சாப்பிட வேண்டும் என்பார்கள். கட்டுப்பாடாக இருந்தாலும் வாரத்துக்குப் பதினான்கு கிராம். இரண்டு தடவை டயலிசிஸ் செய்தால் எடுபடுவது ஆறு. மிச்சத்தைக் குடலும், இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு அதுவும் வெளியேற்ற வேண்டும். அதனால்தான் இந்த நோயாளிக்கு மலச்சிக்கல் சின்ன விடயமல்ல. எங்கள் வீட்டில் இதையும் யாரும் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. கழிப்பறை லயத்தின் கடைசியில், வரிசையில் நின்று போகிற இடத்தில் இருந்தால், நோயாளி அடக்கிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

நீண்ட இடைவெளி

உலகின் பல நாடுகளில் டயலிசிஸ் வாரத்துக்கு மூன்று தடவை. அப்படிச் செய்தாலும் வார இறுதியில் ஒரு நீண்ட இடைவெளி விழும். அமெரிக்காவில் 32,000 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் ஒரு ஆய்வு வெளியானது. அந்த இரண்டு நாள் இடைவெளி முடிகிற நாளில் மரணம் மற்ற நாட்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு என்று வைத்தியசாலையில் சேர்வதும் கூடியிருந்தது. திரவமும் பொட்டாசியமும் அமிலமும் ஏறி நிற்கிற நாள் அது.

எங்கள் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் பலருக்குக் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு தடவைதான். நோயாளிகள் அதிகம், இயந்திரங்களும் தாதியரும் குறைவு. இலவசமாகக் கிடைக்கிறதே என்பதே பெரிய விடயம், அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அந்தச் சேவை இல்லாவிட்டால் மாமா இரண்டு வருடத்துக்கு முன்பே போயிருப்பார். ஆனால் மாமாவின் முறை செவ்வாயும் வெள்ளியும். செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மூன்று நாள், வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு நான்கு நாள். அமெரிக்க ஆய்வு எச்சரித்த இடைவெளியைவிட அவருடைய சின்ன இடைவெளிக்கே நீளம் கூடுதலாகவோ சமமாகவோ இருக்கிறது. திங்கட்கிழமை அவருக்கு என்ன நடந்தது என்பதில் புதினம் ஒன்றுமில்லை.

அந்த நான்கு நாளும் மாமா எங்கே இருக்கிறார்? ஓப்பநாயக்க, பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் நடுவில் ஏ4 வீதியில் இருக்கும் சின்னப் பட்டினம். இரத்தினபுரி ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வரைபடத்தில் பார்த்தால் தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதே ஒரு பயணம். ஆரோக்கியமானவர் நடப்பார். நான்கு மணித்தியாலம் இயந்திரத்தில் கிடந்து, இரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றத் திரும்புகிறவர் அந்த ஏற்றத்தை நடக்க முடியாது. முச்சக்கர வண்டிக்குப் போக வர ஐயாயிரம் கேட்டார்கள். மாதத்துக்கு எட்டு ஒன்பது தடவை. சிறுநீரக நோயாளிக்கான மாதாந்தக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக்கியது. அது இரண்டு பயணத்துக்குக் காணும்.

அத்தை கூடவே போக வேண்டும். போகிற நாளில் அவருக்குப் பேர் இல்லை. தோட்டத்தை அறியாத வாசகர்களுக்கு: பேர் என்றால் ஒரு நாள் வேலை செய்ததற்கான பதிவு, அதாவது ஒரு நாள் சம்பளம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டம் வரவுக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 என்றது. வாரத்துக்கு இரண்டு பேர் போனால், அந்த உயர்வு இந்த வீட்டுக்கு வந்த வழியாலேயே திரும்பிப் போகிறது. அதனால்தான் இடைக்கிடை ஒரு தவணையைத் தவறவிடுகிறார்கள். "இந்த வெள்ளிக்கிழம உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று அத்தையும் மாமாவும் பேசி முடிவெடுப்பார்கள். ஒரு வெள்ளி தவறினால் இடைவெளி ஏழு நாளாகிறது. இதை நோயாளியின் அலட்சியம் என்று கிளினிக்கில் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் தவறவிடுகிறார்கள். கணக்கில் பொட்டாசியம் என்ற வரி மட்டும் இல்லை, ஏனென்றால் யாரும் அவர்களுக்கு அதைத் தமிழில் சொல்லவில்லை.

அத்தையிடம் ஒரு உணவுத் தாள் இருந்தது. இரண்டு பக்கம், நன்றாக அச்சடித்தது, படங்களும் உண்டு. முழுவதும் சிங்களம். அவர் அதை மடித்து மாமாவின் கிளினிக் கொப்பிக்குள் இரண்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக எழுதப்பட்டால் நாங்கள் படம் எடுத்துப் போட்டுக் கோபப்படுகிறோம், சரிதான். மருந்துச் சீட்டிலும் உணவுத் தாளிலும் தமிழ் இல்லாதது படம் எடுக்கத் தோன்றாத விடயம். உயிர் போவது இங்கேதான்.

அந்தத் தாளை ஒரு நண்பரைக் கொண்டு மொழிபெயர்த்தேன். நல்ல தாள். ஆனால் அதில் இருந்த ஆப்பிளும் பியர்ஸும் லயத்துக்கு வருவதில்லை. லயத்தைச் சுற்றிக் கிடைப்பது பலா, ஈரப்பலா, மரவள்ளி, வத்தாளை, வாழை, கீரை, தேங்காய். ஏறக்குறைய எல்லாமே பொட்டாசியம் நிறைந்தவை. காசில்லாத வாரத்தில் பலாக்காயும் மரவள்ளியும்தான் சோறு. ஒரு வாழைப்பழத்தில் நானூறு மில்லிகிராம் அளவு. ஒரு பெரிய இளநீரில் ஒரு கிராம்வரை இருக்கலாம், அதாவது ஒரு நாள் அளவில் பாதி. நான் வாங்கிக்கொடுத்த ஆறும் குடித்திருந்தால்!

இங்கே செய்யக்கூடியது உண்டு, செலவும் இல்லை. கிழங்கையும் காயையும் தோல் சீவி, சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வேறு தண்ணீரில் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பொட்டாசியம் தண்ணீரில் கரையும், ஒரு நல்ல பங்கு அதோடு போய்விடும். சத்து தண்ணீரில் இருக்கிறது என்று அதைக் குழம்பில் சேர்ப்பது எங்கள் வீடுகளின் வழக்கம். இந்த ஒருவருக்கு மட்டும் அது நஞ்சு. காமரங்கா என்று சொல்லும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதில் மூளையைத் தாக்கும் ஒரு பொருள் இருக்கிறது, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு விக்கலில் தொடங்கி வலிப்புவரை போகும். "உப்புக் குறைந்த உப்பு" என்று கடைகளில் விற்பதிலும் கவனம் வேண்டும். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருப்பார்கள். அமிலத்தைக் குறைக்க வைத்தியர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுப்பதுண்டு, மலிவான மருந்து. அதுவும் அப்பச்சோடாவும் ஒரே பொருள்தான் என்று கேள்விப்பட்டு வீட்டில் கரைத்துக் குடிக்கப் போகாதீர்கள். அதில் உள்ள சோடியம் தாகத்தைக் கூட்டும், உடலில் நீரைத் தேக்கும். எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

வீதி மூடினால்

என் அம்மா பிறந்ததும் இந்தத் தோட்டத்தில்தான். 1977 வன்செயலில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் எரிந்தபோது பன்னிரண்டு வயதில் பெரியம்மாவோடு வன்னிக்குப் போனவர். மாமா தாத்தாவோடு நின்றுவிட்டார். இன்று வன்னியில் வாழ்கிற எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான். நாங்கள் பாதுகாப்புத் தேடி வடக்கே போய், பிறகு 2009ஐப் பார்த்தோம்.

அதனால் வீதி மூடுவது என்றால் என்ன என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் மருந்துக்குக் கப்பலைப் பார்த்திருந்தவர்கள், 2009இல் புதுமாத்தளன் கரையில் காயக்காரரை ஏற்ற செஞ்சிலுவைக் கப்பல் வருமா என்று கடலைப் பார்த்திருந்தவர்கள், இதை வாசிப்பீர்கள். அப்போது காயம் பட்டவரைத்தான் எல்லோரும் எண்ணினார்கள். சீனி வருத்தக்காரரையும் சிறுநீரக நோயாளியையும் யாரும் தனியாக எண்ணவில்லை. காசாவில் எண்ணியிருக்கிறார்கள். போருக்கு முன் டயலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இறந்துவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு 2025 நடுப்பகுதியில் சொன்னது. அவர்களில் பலர் குண்டால் சாகவில்லை. மெஷினுக்குப் போக முடியாமல் இறந்தார்கள்.

இந்த இயந்திரமே போரில் பிறந்தது. நாசிகளின் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், கம்பன் என்ற சின்ன ஊரின் வைத்தியசாலையில், வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர் 1943இல் மர உருளையில் சொசேஜ் உறையைச் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். பதினைந்துக்கும் மேற்பட்டவர்களிடம் முயன்று பெரும்பாலும் பலனில்லை. 1945இல் அவர் காப்பாற்றிய 67 வயதுப் பெண், நாசிகளுக்கு ஆதரவாக இருந்ததற்காகச் சிறையில் இருந்தவர். கொரியப் போரில், 1952இல், அமெரிக்கப் படையினர் இந்த இயந்திரத்தை வொன்ஜு என்ற இடத்தில் போர்முனைக்குப் பக்கத்திலேயே நிறுவினார்கள். காயத்தால் சிறுநீரகம் நின்ற சிப்பாய்களைக் கொன்றது பொட்டாசியம்தான் என்று கண்டதால் அதை இறக்குவதே முதல் நோக்கம். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் இறந்த இடத்தில் மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இயந்திரத்தை நோயாளிக்கு அருகே கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

ஓப்பநாயக்கவில் இப்போது போர் இல்லை, மழை இருக்கிறது. 2003 மே, 2017 மே இரண்டிலும் களு கங்கை பெருகி இரத்தினபுரி நகர் மூழ்கியது, மாவட்டமெங்கும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, மலைநாட்டில் வீதிகள் துண்டாடப்பட்டன. வெள்ளத்தில் இறந்தவர்களின் பட்டியலில், தவணைக்குப் போக முடியாமல் வீட்டில் இறந்த டயலிசிஸ் நோயாளியின் பெயர் வராது. இயற்கை மரணம் என்று எழுதிவிடுவார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2005இல் கத்ரீனா சூறாவளியில் அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் 94 டயலிசிஸ் நிலையங்கள் மூடப்பட்டன, நோயாளிகள் சிதறிப் போனார்கள். அந்த அனுபவத்துக்குப் பின், 2012இல் சாண்டி சூறாவளி வருவதற்கு முன்பே நியூயோர்க், நியூஜேர்சி பகுதிகளில் பலருக்குத் தவணையை முன்தள்ளி டயலிசிஸ் செய்தார்கள். அப்படி முன்கூட்டிச் செய்துகொண்டவர்கள் அடுத்த ஒரு மாதத்தில் குறைவாகவே வைத்தியசாலையில் சேர்ந்தார்கள், குறைவாகவே இறந்தார்கள் என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. எங்கள் நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிநிலையில் அறிவிக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மஞ்சள் விழுந்த அன்றே அந்தப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள டயலிசிஸ் நோயாளிகளை அழைத்து ஒரு தவணையை முன்னுக்குக் கொடுக்கலாம். பட்டியல் தேடி அலைய வேண்டியதில்லை, கொடுப்பனவு பெறுகிறவர்களின் பெயர் பிரதேச செயலகத்திலேயே இருக்கிறது.

மழையில்லாத நாளுக்கும் செய்யக்கூடியவை உண்டு. மாமாவைக் காப்பாற்றிய மருந்து விலைகூடிய ஒன்றல்ல. கல்சியம் குளுக்கோனேட் ஊசி சில நிமிடங்களில் இதயத்தைப் பொட்டாசியத்திடமிருந்து காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. இன்சுலினும் குளுக்கோசும் சேர்த்துக் கொடுத்தால் பொட்டாசியம் சில மணித்தியாலத்துக்குக் கலங்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆஸ்துமாவுக்குப் பிடிக்கிற சல்பியூட்டமோல் புகையும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும். இவை நேரம் வாங்கித் தருபவை, அந்த நேரத்துக்குள் டயலிசிஸுக்குப் போய்விட வேண்டும். ஒரு ஈ.சி.ஜி. இயந்திரமும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் இதைப் பிரதேச வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு சின்ன வைத்தியசாலையிலும் டயலிசிஸ் அலகு வேண்டும் என்று மேடையில் கேட்பது எளிது. வடித்த நீர், தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற தாதியர் இல்லாமல் அது திறப்பு விழாவோடு முடிந்துவிடும். அதைவிட, வாரத்தின் நீண்ட இடைவெளி முடிவதற்கு முந்திய நாள் ஒரு இரத்தப் பரிசோதனையும் ஒரு ஈ.சி.ஜி.யும் ஊருக்குப் பக்கத்தில் கிடைப்பதைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

வயிற்றுச் சவ்வு வழியாக வீட்டிலேயே செய்யும் டயலிசிஸ் முறையும் உண்டு. நாள்தோறும் நடப்பதால் அதில் இந்த நான்கு நாள் இடைவெளி இல்லை. ஹொங்கொங் 1985 முதல் அதைத்தான் முதலில் கொடுக்கிறது, தாய்லாந்தும் 2008இல் அந்த வழியை எடுத்தது. பஸ் செலவும் பேர் இழப்பும் மிச்சமாகும். ஆனால் அதற்குச் சுத்தமான தனி இடம், கை கழுவ ஓடும் நீர், திரவப் பைகளை அடுக்கி வைக்க ஒரு மூலை வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஐந்து பேர், ஒரு விறகடுப்பு. வயிற்றில் கிருமி ஏறினால் உயிருக்கே மோசம். தோட்ட வீடமைப்பை நாங்கள் காணி உரிமை, அரசியல் உரிமை என்று பேசி வந்திருக்கிறோம். எந்தச் சிகிச்சை சாத்தியம் என்பதைக்கூட அந்த நான்கு சுவர் தீர்மானிக்கிறது.

இதை வாசிப்பவர்களின் வீட்டில் டயலிசிஸ் செய்கிறவர் இருந்தால், வவுனியாவானாலும் முல்லைத்தீவானாலும் காவத்தையானாலும், மூன்று கேள்வியை அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். கடைசிப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு? பைகார்பனேட் 22க்குக் கீழா மேலா? அந்தப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தது எந்த நாள், இடைவெளிக்கு முன்பா பின்பா? திடீரென்று கால் தளர்ந்தாலோ, நாடி மெதுவானாலோ, அடுத்த தவணைவரை பொறுக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியசாலையில் முதல் வார்த்தையாக "டயலிசிஸ் நோயாளி" என்று சொல்லுங்கள். அது எல்லா மொழியிலும் டயலிசிஸ்தான். அத்தைக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சிங்களத் தாளைத் தமிழில் கையால் எழுதி, ஆப்பிளை வெட்டிவிட்டு மரவள்ளியையும் ஈரப்பலாவையும் சேர்த்து, கிளினிக்கில் ஒரு வைத்தியரிடம் காட்டித் திருத்திக்கொண்டு அத்தையிடம் கொடுத்தேன். போன மாதம் பார்த்தபோது அதற்குப் பிரதி எடுத்து இன்னும் இரண்டு வீட்டுக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வீட்டிலும் டயலிசிஸ் நோயாளிகள், ஒருவருக்கு முப்பத்தெட்டு வயது. தோட்டத்தில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்டேன். விரலை மடித்து எண்ணத் தொடங்கியவர், மறுகைக்குப் போனபோது அடுப்பில் மரவள்ளி பொங்கியது. எழும்பிப் போய்த் தண்ணீரை வடித்து வாசலில் ஊற்றினார். அன்றைக்கு வியாழக்கிழமை. "நாளைக்கு மழ வராம இருக்கணும்" என்றார் மாமா.